கண் தெரியாத துரைக்கு ஒரு துபாஷி

ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கெர்னல் என்றதும் நம் ஆட்கள் லேசாக எழுந்து நின்றுவிடுகிறார்கள். கம்ப்யூட்டரின் இதயம், மூளை, முதுகெலும்பு என்று ஆளுக்கொரு உறுப்பை அதற்குத் தானம் செய்வார்கள். பாடப்புத்தகத்தில் ஒரு வட்டம் போட்டு, கெர்னலை நடுவில் உட்காரவைத்து, மற்ற எல்லாரையும் சுற்றிலும் சேவகர்களாக நிறுத்தியிருப்பார்கள். படம் அழகுதான். ஆனால் வரைந்தவர் மரியாதை கருதி ஒரு விஷயத்தை மறைத்துவிட்டார். மகாராஜாவுக்குக் கண் தெரியாது.

சத்தியமாகத்தான் சொல்கிறேன். உள்ளங்கை அளவு எம்பெடட் போர்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கரண்ட் வந்ததும் கெர்னல் கண்விழிக்கிறது (விழித்து என்ன பயன்?). எவ்வளவு மெமரி இருக்கிறது, சீரியல் போர்ட் எந்த முகவரியில் குடியிருக்கிறது, டெம்பரேச்சர் சென்சார் எந்தக் கம்பியில் தொங்குகிறது, எதுவும் தெரியாது. சரி, யாரிடமாவது கேட்கலாமே என்றால், பதில் சொல்லும் பழக்கம் அங்கே யாருக்கும் இல்லை.

யூஎஸ்பி பென் டிரைவ் நாகரிகம் தெரிந்தது. செருகியதும், நான் இன்னார், இந்தக் கம்பெனி, இன்ன மாடல் என்று தானே சொல்லிவிடும். பிசிஐ கார்டும் அப்படியே. ஆனால் ஒரு சிப்புக்குள்ளேயே புதைந்திருக்கும் யூஆர்ட், ஐ-டூ-சி, ஜிபிஐஓ வகையறாக்கள் வாயே திறக்காது. தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று கெர்னல் தப்பான முகவரியில் கை வைத்தால், சில போர்டுகள் அப்படியே உறைந்துபோகும். கதவைத் தட்டிய குற்றத்துக்கு மரண தண்டனை!

இந்த மாதிரி எஜமானர் புதுச்சேரிக்குப் புதியவர் அல்ல. தலையில் பொய்முடி, இடுப்பில் வாள், பெட்டி நிறையப் பட்டங்கள் சகிதம் பிரெஞ்சு கவர்னர்கள் கப்பலிலிருந்து இறங்குவார்கள். துணி யார் நெய்கிறார்கள், யாரிடம் கடன் வாங்கலாம், எந்த நவாபுக்கு என்ன பரிசு அனுப்ப வேண்டும், ஒன்றும் தெரியாது. பாஷையும் தெரியாது. எல்லாவற்றையும் எடுத்துச் சொல்ல பக்கத்தில் ஒருவர் நிற்பார். துபாஷி.

1742 முதல் 1754 வரை டூப்ளே கவர்னர். இந்தியாவில் பிரெஞ்சு சாம்ராஜ்யத்துக்கு அஸ்திவாரம் போட்ட மகாபுருஷர் என்று சரித்திரம் சொல்கிறது. அஸ்திவாரம் எந்த மண்ணில் போடுவது என்று அவருக்கு எடுத்துச் சொன்னவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1736-இல் தொடங்கி 1761-இல் சாகும்வரை பிள்ளை எழுதிய நாட்குறிப்பைப் புரட்டினால், எந்தக் கப்பல் வந்தது, சரக்கு என்ன, ஊரில் யாருக்கும் யாருக்கும் தகராறு என்று சகலமும் முகவரியோடு இருக்கும். துரை தன்னை எப்படியெல்லாம் புகழ்ந்தார் என்பதும் சற்றுத் தாராளமாகவே இருக்கும். பட்டியல் போடுகிறவர் தன் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டுக்கொள்வது அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது.

கெர்னல் என்ற துரைக்கு அப்படி வாய்த்த துபாஷியின் பெயர் டிவைஸ் ட்ரீ. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். அது ஒரு டெக்ஸ்ட் ஃபைல். அவ்வளவுதான். இந்த முகவரியில் இவ்வளவு மெமரி. அந்த முகவரியில் சீரியல் போர்ட், அது எழுப்பும் இன்டரப்ட்டின் எண் இது, அதற்கு கிளாக் கொடுப்பவர் இன்னார். அதோ அந்த ஐ-டூ-சி கம்பியில் 48-ஆம் முகவரியில் ஒரு சென்சார். வேர், கிளை, இலை என்று வரிசையாக எழுதி, கம்பைல் செய்து, பூட் லோடர் கையில் கொடுத்தால், அது கெர்னலின் காதில் போய் ஓதும். கெர்னல் குறுக்குக் கேள்வி கேட்காது. துபாஷி சொன்னால் சொன்னதுதான். பொய் சொன்னாலும் சொன்னதுதான்.

இவ்வளவு எளிய யோசனை முதல் நாளே யாருக்கும் தோன்றவில்லையா? தோன்றியது. ஆனால் ஊரைப் பற்றிப் பட்டியல் போட வேண்டுமானால், நம் தெருவைத் தாண்டியும் ஊர் இருக்கிறது என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் ஆள் இல்லை.

லினக்ஸ் கெர்னலின் தந்தையிலிருந்தே தொடங்குவோம். 1991 ஆகஸ்ட். ஹெல்சின்கியில் 21 வயது லினஸ் டோர்வால்ட்ஸ், புதிதாக ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதிக்கொண்டிருப்பதாக உலகத்துக்கு அறிவிக்கிறார். சும்மா பொழுதுபோக்குதான், பெரிதாக ஒன்றும் வராது என்கிறார். கூடவே, இதை வேறு மெஷினுக்கு மாற்ற முடியாது, ஏடி ஹார்டு டிஸ்க்கைத் தவிர வேறெதையும் இது ஆதரிக்கப்போவதில்லை, ஏனென்றால் என்னிடம் இருப்பது அது ஒன்றுதான் என்றும் சொல்கிறார். இன்று ஆண்ட்ராய்டு ஃபோன், வைஃபை ரௌட்டர், டிவி, சூப்பர் கம்ப்யூட்டர் என்று லினக்ஸ் இல்லாத இடம் குறைவு. கம்ப்யூட்டர் சரித்திரத்தில் இவ்வளவு அடக்கமாகச் சொல்லப்பட்டு இவ்வளவு பிரமாதமாகப் பொய்த்துப்போன ஜோசியம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. அன்றைய பிசி உலகமே அப்படித்தான் இருந்தது. 1981-இல் ஐபிஎம் ஒரு பிசி செய்தது. மற்றவர்கள் அதை அப்பட்டமாகக் காப்பி அடித்தார்கள். முதல் சீரியல் போர்ட் எந்த முகவரியில் இருந்ததோ, காப்பியிலும் அங்கேயே இருந்தது. இன்டரப்ட் எண்கூட மாறவில்லை. பரீட்சையில் தப்பையும் சேர்த்துக் காப்பி அடிக்கும் மாணவனைத் திட்டுவோம் அல்லவா? அந்த மாணவர்களால்தான் கெர்னல்காரர்கள் பல வருஷம் பட்டியலே இல்லாமல் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

நிம்மதியைக் கெடுத்தது சவுண்டு கார்டு. தொண்ணூறுகளில் டாஸ் கேம் ஆடியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஏ220 ஐ5 டி1. சவுண்டு பிளாஸ்டர் கார்டு எந்த முகவரி, எந்த இன்டரப்ட், எந்த டிஎம்ஏ என்று சொல்லும் மந்திரம் அது. ஒரு எண் பிசகினாலும் கேமில் துப்பாக்கி வெடிக்கும், சத்தம் வராது. அந்தக் காலத்தில் துபாஷி உத்தியோகம் பார்த்தது யார் என்கிறீர்கள்? காசு கொடுத்து கார்டு வாங்கிய நாம்தான்!

இந்த அவலத்தைத் தீர்க்கவே மைக்ரோசாஃப்ட் ‘பிளக் அண்ட் பிளே’யைக் கொண்டுவந்தது. செருகினால் போதும், மற்றதை விண்டோஸ் பார்த்துக்கொள்ளும். 1998 ஏப்ரல் 20, சிகாகோ. பில் கேட்ஸ் மேடையில் நிற்கிறார். உதவியாளர் கிறிஸ் கபோசெலா ஒரு ஸ்கேனரைச் செருகுகிறார். விண்டோஸ் 98 அதைப் பார்த்தது. உடனே நீலத்திரை! அரங்கம் சிரித்து அடங்கியதும், இதனால்தான் இன்னும் கடைக்கு அனுப்பவில்லை போலிருக்கிறது என்கிற பொருளில் கேட்ஸ் ஒரு வார்த்தை சொன்னார். தப்பித்தார். பெரிய மனிதர்களுக்கு அழகு, விழுந்த இடத்தில் கொஞ்சம் உட்கார்ந்திருப்பதாகக் காட்டிக்கொள்வது.

பிசி உலகத்தின் அதிகாரபூர்வப் பட்டியலுக்குப் பெயர் ஏசிபிஐ. 1996-இல் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூவரும் சேர்ந்து வெளியிட்டார்கள். பொதுநலம் என்றுதான் சொன்னார்கள். 1999 ஜனவரியில் கேட்ஸுக்கு ஒரு சிந்தனை. நாம் கஷ்டப்பட்டு இதையெல்லாம் செய்கிறோம், லினக்ஸ்காரன் நோகாமல் அனுபவிப்பானோ? இதை விண்டோஸுக்கு மட்டும் வேலை செய்கிற மாதிரி ஆக்க முடியாதா? இதை மனசுக்குள் வைத்துக்கொண்டிருந்தால் பிரச்சினையே இல்லை. ஈமெயிலில் எழுதினார். பின்னால் ஒரு வழக்கில் அந்த ஈமெயில் சாட்சியமாகவே வந்து நின்றது.

கேட்ஸின் ஆசை முழுசாக நிறைவேறவில்லை, பாதி நிறைவேறியது. பல பிசிக்களின் பயாஸ் இன்றும் ஆபரேட்டிங் சிஸ்டத்திடம், நீ விண்டோஸா என்று கேட்டுவிட்டுத்தான் சில காரியங்களைச் செய்கிறது. லினக்ஸ் என்ன பதில் சொல்லும்? கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல், ஆமாம் என்னும். சுதந்திர மென்பொருளின் கொடியை ஏந்திய அந்த மாவீரர், பயாஸ் வாசலில் தினமும் மாறுவேஷத்தில்தான் உள்ளே போகிறார்.

இதையெல்லாம் பல வருஷம் முன்பே ஒருவர் ஒழுங்காகச் செய்து வைத்திருந்தார் என்பதுதான் இதில் வயிற்றெரிச்சல். சன் மைக்ரோசிஸ்டம்ஸில் மிட்ச் பிராட்லி. 1989-இல் வந்த ஸ்பார்க்ஸ்டேஷன் 1-இல் அவருடைய ஓப்பன்பூட் என்ற ஃபர்ம்வேர் இருந்தது. மெஷின் எழுந்ததும் தன் உறுப்புகளை எல்லாம் ஒரு மரமாக அடுக்கி, இந்தா என்று ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் கொடுத்துவிடும். செருகும் கார்டுகள்கூடத் தங்கள் அறிமுக உரையைத் தாங்களே சுமந்து வந்தன. உரை எழுதப்பட்டது ஃபோர்த் என்ற மொழியில். அதில் இரண்டையும் மூன்றையும் கூட்ட வேண்டுமென்றால் இரண்டு, மூன்று, கூட்டு என்று எழுத வேண்டும். வினை கடைசியில். அமெரிக்க புரோகிராமர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். நம்மிடம் கொடுத்திருந்தால் ஒரு மத்தியானத்தில் படித்திருப்போம்.

சன் மெஷின்களின் கீபோர்டில் ஸ்டாப் என்ற விசையையும் ‘ஏ’யையும் சேர்த்து அழுத்தினால் மொத்த மெஷினும் நின்று, திரையில் ‘ஓகே’ என்று இரண்டே எழுத்து தோன்றும். ஒரு டிபார்ட்மென்ட்டின் அத்தனை பேர் வேலையும் அந்தரத்தில் தொங்கும். எதிரில் ‘ஓகே’. உலகத்தில் இதைவிட நிதானமாக யாரும் பேரிடரை அறிவித்ததில்லை.

பிராட்லியின் யோசனை 1994-இல் ஐஇஇஇ 1275 என்ற தரநிலையாக ஆயிற்று. ஆப்பிளும் மறுவருஷமே தன் பவர் மேக்கில் ஏற்றுக்கொண்டது. ஆப்பிள் எதையும் நேராக ஏற்காது அல்லவா? அழகுக்குப் பேர்போன கம்பெனி, ஆரம்பகால மெஷின்களில் அந்த ஃபர்ம்வேர் பேச வேண்டியதைத் திரையில் பேசவிடாமல் பின்பக்கத்து மோடம் போர்ட்டுக்கு அனுப்பிவிட்டது. நிபுணர்கள் விசைகளை அழுத்திவிட்டு வெற்றுத்திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஃபர்ம்வேர் மறுபக்கம் திரும்பி, சுவரிடம் விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

இவ்வளவு நல்ல ஏற்பாடு ஏன் சின்ன போர்டுகளுக்கு வரவில்லை? கஞ்சத்தனம். ரௌட்டருக்குள் போகும் மலிவான போர்டில் ஃபோர்த் மொழி பேசும் முழு ஃபர்ம்வேரை யார் வைப்பார்கள்? 2005 வாக்கில் பவர்பிசி பிராசஸர் பக்கத்து லினக்ஸ்காரர்கள், குறிப்பாக பெஞ்சமின் ஹெரென்ஷ்மிட், இதற்கு ஒரு குறுக்குவழி கண்டார்கள். மரம் வேண்டும், தோட்டக்காரன் வேண்டாம். பட்டியலை முன்கூட்டியே எழுதி, தட்டையாக்கி, ஒரே பொட்டலமாகக் கட்டி கெர்னலிடம் கொடுத்துவிடுவது. பொட்டலம் அசல்தானா என்று பார்க்க அதன் நெற்றியில் ஒரு முத்திரை எண் உண்டு. ஹெக்ஸில் எழுதினால் டி, இரண்டு பூஜ்யம், டி, எஃப், இரண்டு ஈ, டி. கூட்டிப் படியுங்கள்: ‘டூட் ஃபீட்’. பல கோடி சாதனங்கள் ஒவ்வொரு தடவை உயிர்பெறும்போதும் சரிபார்க்கப்படுவது, யாரோ ஒரு புரோகிராமர் தனக்குத் தானே சிரித்துக்கொண்டு போட்ட ஒரு கடி ஜோக்.

இனி ஆர்ம். நம் கதையின் பெரிய கூத்து நடந்த இடம்.

ஆர்ம் கம்பெனி அன்று சிப் செய்யவில்லை; வடிவமைப்பை விற்றது. வாங்கியவர்கள் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், சாம்சங், குவால்காம், மார்வெல் என்று ஒரு பெரும் கூட்டம். ஒவ்வொருவரும் அதே மையத்தை எடுத்து, சுற்றிலும் தம் இஷ்டத்துக்கு யூஆர்ட்டையும் டைமரையும் ஒட்டினார்கள். ஒரே சிப்பை வைத்து ஐம்பது போர்டு. அந்த ஐம்பதுக்கும், எது எங்கே இருக்கிறது என்பதை டெக்ஸ்ட் ஃபைலில் எழுதாமல் சி மொழியில் கெர்னலுக்குள்ளேயே எழுதினார்கள். போர்டு ஃபைல் என்று பெயர். கவர்னருக்குத் துபாஷி வைக்கச் சோம்பல்பட்டு, தெருவுக்கு ஒரு கவர்னரையே பெற்றெடுத்த கதை இது.

போர்டுகளை அடையாளம் காண என்ன வழி? ஆர்ம் லினக்ஸைக் கட்டிக்காத்த ரஸ்ஸல் கிங் ஒரு பதிவேடு திறந்தார். போர்டு பிறந்ததும் அதற்கு ஒரு எண். பூட் ஆகும்போது பூட் லோடர் அந்த எண்ணை ஒரு ரெஜிஸ்டரில் வைத்துக் கெர்னலிடம் நீட்டும். போர்டுக்கு ஆதார் கொடுத்த முதல் மனிதர் அவர்தான். எண்கள் ஆயிரக்கணக்கில் ஏறின. எண் வாங்கிய பல போர்டுகளுக்குக் கெர்னலில் ஒரு வரி கோடுகூட வந்து சேரவில்லை. ஆதாரை வாங்கிக்கொண்டு ஆள் தலைமறைவு.

கம்பெனிக்காரர்களின் மனசையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். எங்கள் டைமர் மாதிரி உலகத்தில் வேறு டைமர் கிடையாது, அதற்கு நாங்களே தனியாக டிரைவர் எழுதுவோம் என்பார்கள். திறந்து பார்த்தால், பக்கத்துக் கம்பெனி வாங்கிய அதே இடத்தில் வாங்கிய அதே சரக்கு. பெயர் மட்டும் வேறு, ரெஜிஸ்டர் இரண்டு இடம் தள்ளி. இதற்கு டிரைவர் எழுதிய இன்ஜினீயருக்கு அப்ரெய்சலில் ‘இன்னொவேஷன்’ என்ற கட்டத்தில் டிக் விழுந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

2011 மார்ச்சில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஓமேப் சிப்புக்கான மாற்றங்கள் லினஸிடம் வந்தன. மனிதர் வெடித்தார். ஆர்ம் விவகாரமே ஒரு பெரிய இம்சை என்பது அவர் சொன்னதன் சாரம். அந்த இம்சை உடம்பின் எந்தப் பாகத்தில் உணரப்படுகிறது என்பதையும் தெளிவாகக் குறிப்பிட்டிருந்தார். குடும்பப் பத்திரிகையில் அச்சிட முடியாது. இருபது வருஷத்துக்கு முன், என்னிடம் இருக்கும் ஹார்டு டிஸ்க் மட்டும்தான் என் கெர்னலுக்கு உலகம் என்றவர், அடுத்தவன் தன் போர்டை உலகமென்று நினைப்பதைக் கண்டு கொதித்தார். மாமியாரான மருமகளுக்குத்தானே கோபம் அதிகம் வரும்?

மருந்து அலமாரியிலேயே இருந்தது. கிரான்ட் லைக்லி போன்றவர்கள் அதற்கு முன்பே, பவர்பிசி பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவைஸ் ட்ரீயை ஆர்முக்கும் கொண்டுவரலாமே என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆர்ம் பக்கத்துப் பெரியவர்களுக்கு அது ருசிக்கவில்லை. நமக்கெதற்கு அந்த வீட்டு வழக்கம்? லினஸ் போட்ட சத்தத்துக்குப் பிறகு ருசித்தது. ஆர்ன்ட் பெர்க்மன், ஓலோஃப் ஜோஹான்சன் இருவரும் வாசலில் காவலுக்கு நின்று வருகிற மாற்றங்களை வடிகட்டினார்கள். 2012 டிசம்பரில் லினக்ஸ் 3.7 வந்தபோது, வெவ்வேறு கம்பெனி ஆர்ம் சிப்புகளை ஒரே கெர்னல் எழுப்ப முடிந்தது. பிசியில் ஐபிஎம்மைக் காப்பி அடித்தவர்கள் எண்பதுகளிலேயே சாதித்ததை, சுயமாகச் சிந்தித்தவர்கள் எட்டிப்பிடிக்க முப்பது வருஷம் ஆயிற்று.

கதை சுபம் என்று கையைத் தட்டிவிடாதீர்கள். 2015 தொடக்கத்தில் ராஸ்பெர்ரி பைக்காரர்கள் டிவைஸ் ட்ரீக்கு மாறினார்கள். அப்டேட் போட்ட மறுநாள், நேற்றுவரை வேலை செய்த ஐ-டூ-சியையும் எஸ்பிஐயையும் காணோம். சிப் எரியவில்லை, கம்பி அறுபடவில்லை. புதுப் பட்டியலில் அவை இருந்தன. ஆனால் நிலைமை ‘டிஸேபிள்டு’ என்று எழுதியிருந்தது. ஒரு வார்த்தையை ‘ஓகே’ என்று மாற்றினால் உயிர்த்தெழும். துபாஷி, இன்னார் ஊரில் இல்லை என்றால் இல்லைதான். ஆள் எதிரில் நின்று கையாட்டிக்கொண்டிருந்தாலும் துரைக்குத்தான் கண் தெரியாதே.

அந்த ‘ஓகே’ விஷயத்தில் ஒரு சுவாரசியம். விதிப்படி நீட்டி முழக்கி நாலு எழுத்தில் எழுத வேண்டும். அவசரக்காரர்கள் இரண்டே எழுத்தில் எழுதிவிடுவார்கள். கெர்னல் இரண்டையும் ஏற்கும். எண் ஒன்று பிசகினால் போர்டையே கொல்கிற மகாகண்டிப்பான கெர்னலுக்கு, ஸ்பெல்லிங்கில் மட்டும் தாராள மனசு.

வேதாந்தமும் உண்டு. டிவைஸ் ட்ரீ ஹார்டுவேரை மட்டுமே வர்ணிக்க வேண்டும். எந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தின் வாசனையும் அதில் வீசக் கூடாது. பெரியவர்கள் பேட்ச்சை நிராகரிக்கும்போது இந்த சுலோகத்தைச் சொல்லித்தான் நிராகரிப்பார்கள். சரி என்று பயபக்தியோடு ஒரு எல்இடியின் வர்ணனையைத் திறந்து பாருங்கள். அது எப்போது மினுக்க வேண்டும் என்று சொல்லும் வரி ‘லினக்ஸ்’ என்ற பெயரில்தான் ஆரம்பிக்கும். இன்னொரு சுலோகம், ஒருமுறை எழுதிய பட்டியல் வருங்காலக் கெர்னல் அனைத்துக்கும் பொருந்த வேண்டும் என்பது. அது எத்தனை தரம் மீறப்பட்டது என்று கேட்டால் சபையில் எல்லாரும் மேற்கூரையைப் பார்ப்பார்கள்.

பெர்க்லியில் பிறந்த ரிஸ்க்-ஃபைவ் என்ற பிராசஸர் வடிவமைப்பின் ஆட்களாவது பிறர் அனுபவத்திலிருந்து கற்றார்களா? அவர்கள் எல்லாவற்றையும் புதிதாக, சுத்தமாகச் செய்ய வந்தவர்கள். ஆகவே ஹார்டுவேரை வர்ணிக்க ‘கான்ஃபிக் ஸ்ட்ரிங்’ என்று சொந்தமாக ஒன்றைச் செய்தார்கள். சில வருஷம் கழித்து அதைச் சத்தமில்லாமல் ஓரமாக வைத்துவிட்டு, டிவைஸ் ட்ரீயையே எடுத்துக்கொண்டார்கள். 2018 ஜனவரியில் வெளியான லினக்ஸ் 4.15-இல் ரிஸ்க்-ஃபைவ் நுழைந்தபோது, ஒரு ரெஜிஸ்டரில் பிராசஸர் எண், அடுத்த ரெஜிஸ்டரில் டிவைஸ் ட்ரீயின் முகவரி. சக்கரத்தைப் புதிதாகக் கண்டுபிடித்து, அதை உருட்டிப் பார்த்து, பழைய சக்கரத்தை வாங்க மறுபடி கடைக்குப் போன விவேகிகள்.

நம் ஊர்ப் பெருமைக்கும் இங்கே இடம் உண்டு. சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடி தலைமையில் ஒரு குழு ரிஸ்க்-ஃபைவை வைத்து ‘சக்தி’ என்ற பிராசஸரைச் செய்தது. 2018-இல் சுதேசி பிராசஸர் வந்துவிட்டது என்று செய்தித்தாள்கள் குதித்தன. குதிக்க வேண்டியதுதான், சாதாரண வேலை அல்ல. முதல் 300 சிப்புகள் அச்சானது மட்டும் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், இன்டெல் தொழிற்சாலையில். சுதேசிக் கதர் லண்டனில் நெய்து வந்த கதையாகிறதே என்று யாரோ முணுமுணுப்பதற்குள், அதே வருஷம் சண்டிகரை ஒட்டிய மொஹாலியில் உள்ள அரசு சிப் தொழிற்சாலையான எஸ்சிஎல்லில் 180 நானோமீட்டரில் இங்கேயே ஒன்றைச் செய்து வாயடைத்தார்கள். 2020-இல் ‘மௌஷிக்’ என்ற அடுத்த சிப். 2022-இல் காமகோடி ஐஐடி இயக்குநராகவே ஆனார்.

சிப் லினக்ஸை பூட் செய்தது என்பதுதான் அன்றைய செய்தியில் மணிமகுடம். ஆனால் லினக்ஸ் எழுந்ததும் செய்த முதல் காரியங்களில் ஒன்று எந்தச் செய்தித்தாளிலும் வரவில்லை: அடுத்த ரெஜிஸ்டரைத் திறந்து, நான் எங்கே இருக்கிறேன், என்னோடு யார் யார் இருக்கிறார்கள் என்று பட்டியலில் படித்துத் தெரிந்துகொண்டது. அந்தப் பட்டியலை எழுதிய கைக்கு யாரும் சால்வை போர்த்தியதாகத் தெரியவில்லை. துபாஷிகளுக்குச் சால்வை அந்தந்த நாட்டுத் துரை கொடுத்தால்தான் உண்டு.

இதையெல்லாம் இன்று யார் எழுதுகிறார்கள்? புதுச்சேரியிலிருந்து ஈசிஆரில் சென்னையைப் பார்த்துப் போனால், கோட்டக்குப்பத்தில் தமிழ்நாடு வந்துவிடும். அடுத்த சில கிலோமீட்டரில் மறுபடி புதுச்சேரி வந்துவிடும். அங்கே கடலோரமாகப் பிள்ளைச்சாவடி. பாண்டிச்சேரி பொறியியல் கல்லூரியாக இருந்து 2020-இல் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக உயர்ந்த கல்லூரி அங்கேதான். அங்கும், இந்த நாட்டின் நூற்றுக்கணக்கான மற்றக் கல்லூரிகளிலும், எம்பெடட் படிக்கும் பிள்ளைகள்தான் இன்றைய துபாஷிகள். அவர்களைத் தினமும் கவிழ்ப்பது கேட்ஸும் இல்லை, லினஸும் இல்லை. 32 என்ற எண்.

விஷயம் இதுதான். ஆர்ம் சிப்பில் இன்டரப்ட்களைக் கவனிக்கும் ஜிஐசி என்ற அதிகாரி, முதல் 32 எண்களை பிராசஸர்களின் சொந்த உபயோகத்துக்கு ஒதுக்கிவைத்திருக்கிறார். எல்லாருக்கும் பொதுவான இன்டரப்ட்கள் 32-லிருந்துதான் தொடங்கும். டிவைஸ் ட்ரீயோ அந்தப் பொது இன்டரப்ட்களைப் பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறது. ஸைலிங்ஸின் ஸிங்க்-7000 சிப் மேனுவலில் முதல் யூஆர்ட்டின் எண் 59. ட்ரீயில் அதை 27 என்று எழுத வேண்டும். 59 என்றே எழுதினால் கம்பைலர் ஒன்றும் சொல்லாது. கெர்னலும் சொல்லாது. பூட் செய்திகள் கடகடவென்று திரையில் ஓடும், பார்க்கிறவர் முகம் மலரும், லாகின் கேட்க வேண்டிய இடத்தில் வந்ததும் கப்சிப்.

அந்த மௌனத்தில் எத்தனை பேர் போர்டை மாற்றினார்கள், கேபிளை மாற்றினார்கள், எத்தனை பேர் கைடையே மாற்றலாமா என்று யோசித்தார்கள்!

ஆகவே, லேபில் உட்கார்ந்து இதைப் படிக்கும் பிள்ளைகளே, கேபிளை விடுங்கள். மேனுவலைத் திறந்து இன்டரப்ட் எண்ணைப் பாருங்கள். 32-ஐக் கழியுங்கள். அப்படியும் வரவில்லையென்றால் 32-ஐத் திரும்பக் கூட்டுங்கள்; சில கம்பெனிகள் மேனுவலில் தாங்களே முன்கூட்டிக் கழித்து வைத்திருப்பார்கள், உங்களிடம் சொல்லாமல்.